எல்லைக்கோடு இல்லாத விளைநிலம்

நிலப்பரப்பில் சீனா இந்தியாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிய நாடு. ஆனால், பயிர் விளையும் பரப்பில் நாமே முந்தி நிற்கிறோம். மலையும் பாலைவனமும் போக சீனாவிடம் எஞ்சிய விளைநிலம், 2019 இறுதி நிலவரப்படி 12.79 கோடி ஹெக்டேர். இந்தியாவின் நிகர சாகுபடிப் பரப்போ சுமார் 14 கோடி ஹெக்டேர். இரு நாடுகளின் கணக்கீட்டு முறைகளும் ஒன்றல்ல என்பதால், அளவைவிடப் போக்கைக் கவனிப்பதே பொருத்தம்.

1950-51-இல் நமது நிகர சாகுபடிப் பரப்பு 11.87 கோடி ஹெக்டேர். 1970-71-இல் அது 14 கோடியைத் தொட்டது. அதன்பின் அரை நூற்றாண்டாக ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. மக்கள்தொகையோ 36 கோடியிலிருந்து 140 கோடியைத் தாண்டிவிட்டது. அன்று ஆளுக்கு 80 சென்ட்; இன்று 25 சென்ட். ஒரே நிலத்தில் இருபோகம், முப்போகம் விளைவித்தே மொத்த சாகுபடிப் பரப்பை 13 கோடியிலிருந்து ஏறத்தாழ 22 கோடி ஹெக்டேராக உயர்த்தினோம். அதற்குப் பெரிதும் துணைநின்றது ஆழ்துளைக் கிணறு. நிலத்தடி நீர் வற்றினால் அந்தக் கூடுதல் பரப்பும் நிலைக்காது.

சீனாவின் விளைநிலம் 2009-இல் 13.54 கோடி ஹெக்டேராக இருந்தது. பத்தே ஆண்டுகளில் சுமார் 75 லட்சம் ஹெக்டேர் குறைந்தது. காடு வளர்ப்புக்கும் பழத்தோட்டங்களுக்கும் மாறிய நிலம் இதில் கணிசம். இத்தகைய சரிவை முன்னுணர்ந்தே, 180 கோடி 'மூ', அதாவது 12 கோடி ஹெக்டேருக்குக் கீழே விளைநிலம் குறையக் கூடாது என்று 2006-இல் அந்நாடு 'செங்கோடு' வகுத்தது. கட்டுமானத்துக்கு எடுத்த விளைநிலத்துக்கு ஈடாக வேறிடத்தில் நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்பதும் விதி.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. வளமான வண்டல் மண் கட்டடங்களுக்குப் போய், மலைச்சரிவு கணக்கில் ஈடாகிவிடுகிறது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 7 டன் நெல் விளைவித்தும், ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் சோயாபீன்ஸை அந்நாடு இறக்குமதி செய்கிறது. விளைச்சலை எவ்வளவு உயர்த்தினாலும் நிலத்துக்கு மாற்றில்லை என்பதே அதன் பாடம்.

நமது நெல் விளைச்சல் 4 டன்னைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே, விளைச்சலைப் பெருக்கிக்கொள்ளலாம், நிலம் போனால் போகட்டும் என்று சிலர் வாதிடுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாடு தழுவிய மொத்த எண் மாறாமல் நிற்பதே உள்ளூர் இழப்பை மறைக்கிறது. தமிழகத்தில் 1970-களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த நிகர சாகுபடிப் பரப்பு, இன்று 50 லட்சத்துக்கும் கீழே. காவிரிப் படுகைக்கென 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், அது தடுப்பது பட்டியலிடப்பட்ட தொழில்களையே, வீட்டுமனைகளை அன்று.

நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. எனவே, ஒவ்வொரு மாநிலமும் பாசன வசதியுள்ள, இருபோகம் விளையும் நிலங்களைப் புல எண் வாரியாக அடையாளம் கண்டு, அவற்றை மனைகளாக மாற்றச் சட்டப்படி தடை விதிக்க வேண்டும். சீனா பரப்பளவுக்குக் கோடு போட்டது. நாம் மண்ணின் தரத்துக்குக் கோடு போடுவோம். ஆளுக்கு 25 சென்ட் எஞ்சியுள்ள நாட்டில் இது காத்திருக்கக் கூடிய பணி அன்று.