அறுவடை இயந்திரங்களில் இஞ்சின் ஆயில் பராமரிப்பு

காவிரி டெல்டாவில் நெல் அறுவடை இயந்திரத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில். அந்த வாரங்களில் பெல்ட் வண்டியும் டயர் வண்டியும் ஓய்வின்றி ஓடும். வெளி மாவட்டங்களுக்கு வாடகைக்குப் போகாத வண்டி மற்ற மாதங்களில் கொட்டகையில்தான் நிற்கும். ஓடினால்தான் ஆயில் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிறுத்தி வைத்தாலும் கெடும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். கூடவே கரித்தூளும், எரிதலில் பிறக்கும் அமிலங்களும் சேரும். அமிலத்தை முறிப்பதற்கென்றே ஆயிலில் கால்சியம், மக்னீசியம் சார்ந்த காரப் பொருள்களைக் கலக்கிறார்கள். ஓட்டம் கூடக்கூட அவை தீர்ந்துபோகும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 எரிபொருள் நாடு முழுவதும் வந்தபோது டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அதனால் கந்தக அமிலம் குறைந்தது, தண்ணீர் குறையவில்லை.

அறுவடை நடக்கும்போது இஞ்சின் மணிக்கணக்கில் சூடாக இருப்பதால் இந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சிக்கல் கடைசி வயல் முடிந்த பிறகுதான். கரியும் அமிலமும் ஏறிய ஆயிலோடு வண்டியை நிறுத்தினால் பேரிங்குகளும் கிராங்க் ஷாஃப்டும் மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும். குறுவைக்கும் சம்பாவுக்கும் இடைப்பட்ட ஓய்வு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டிய நேரம் பருவத்தின் முடிவு. இஞ்சின் சூடாக இருக்கும்போதே பழையதை வடித்துவிட வேண்டும். புது ஆயிலை அடுத்த அறுவடைக்கு இறக்கும் நாளில் ஊற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பழக்கம் பரவலாக உள்ளது. அது தவறான சிக்கனம்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் நன்மை தராது. ஆயில் சூடேறுமுன் அணைத்தால் புதிய ஈரம் உள்ளேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் நிறக் குழம்பு படியும். ஓட்டுவதானால் முழுச்சூடு வரும்வரை ஓட்ட வேண்டும்.

இவ்வகை இயந்திரங்களுக்கு சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணி நேரத்தில். டிராக்டர்கள் பலவற்றுக்கு 250 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் அந்த 250 மூன்று வாரத்தில் முடிந்து, மும்முரமான அறுவடையின் நடுவே ஆயில் மாற்றும் தவணை வந்து நிற்கும். வைக்கோல் தூசியில் ஏர் ஃபில்டரைத் தினமும் பார்க்காவிட்டால், உள்ளே போகும் மண் துகள் புது ஆயிலையும் வீணாக்கும்.

நிறுத்துமுன் டீசல் டேங்கை நிரப்புவது, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, வயரைக் கடிக்கும் எலிகள் தங்காதபடி வைக்கோலைச் சுத்தமாக அகற்றுவது ஆகியவையும் வேண்டும்.

வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.