வெளிநாட்டு முத்திரைச் சஞ்சிகைக்கு எழுதுமுன்

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857இல் வெளிவந்தது. அதுபற்றிய கட்டுரையொன்றைப் புளத்கொகுபிட்டியவிலிருந்து பிரித்தானிய முத்திரைச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியர் வெறும் பெயர் சொல்லி விளித்து, எத்தனை சொற்கள், என்ன உரிமை என்று கேட்டார். மரியாதைக் குறைவென நினைத்தேன். அது அவர்களது வழக்கம். ஊதியத்தை நாம் வெளிப்படையாகக் கேட்டாலும் அவர்கள் தவறாக எடுப்பதில்லை.

முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடுத்தால், பின்னர் வேறிடத்திலும் வெளியிடலாம். முழு உரிமையையும் எழுதிக்கொடுத்தால் முடியாது.

குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். வங்கிக் கணக்கில் அதன் முதலெழுத்து மட்டுமே இருந்தது. பணம் திரும்பிப் போனது. தோட்டப் பதிவிலோ, யுத்தத்தில் தொலைந்து மீண்டும் எடுத்த ஆவணத்திலோ பெயர் மாறியிருப்போர், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.