தென்னை விலகிய தீவு

தென்னங்கன்றைப் ‘பிள்ளை’ என்று அழைக்கும் வழக்கம் நம்முடையது. என் தந்தையார் வீட்டுக் கொல்லையில் வைத்த நான்கு தென்னம்பிள்ளைகளுக்குச் சிறு வயதில் நானே நீர் வார்த்திருக்கிறேன். அப்படி வளர்ந்த எனக்கு, ஒரு சிறு குருவியைக் காப்பதற்காகத் தென்னங்கன்றுகளைப் பிடுங்கி எறிந்த தீவு ஒன்று உண்டென்று முதன்முதலில் படித்தபோது மனம் ஒப்பவில்லை. வரலாறு முழுவதையும் அறிந்த பின்னரே அதன் நியாயம் விளங்கிற்று. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்துமாக்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, சேஷெல்ஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்டது அது. அவற்றுள் பிராலின் என்னும் தீவுக்கு அருகே, கருங்கற் பாறையும் வெண்மணற் கரையுமாய் அமைந்தது கூஸன் தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய எழுபது ஏக்கரே. நம் நாட்டு ஏரிகள் பல இதனினும் பெரியவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சேஷெல்ஸில் நிலையான குடியேற்றம் இருந்ததில்லை. 1742-ஆம் ஆண்டில், மொரீஷியஸில் பிரெஞ்சு ஆளுநராய் இருந்த லா போர்தொனே, லசார் பிகோ என்பவரை அனுப்பி இத்தீவுகளை ஆராயச் செய்தார். இந்த லா போர்தொனேயைச் சென்னை வரலாற்றிலும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியவர் இவரே. 1756-இல் பிரெஞ்சுக்காரர் தீவுகளைத் தமதாக்கிக்கொண்டு, தம் நாட்டு நிதியமைச்சர் ஒருவரின் பெயரை அவற்றுக்கு இட்டனர். 1770-இல் குடியேற்றம் தொடங்கியது. 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1976-இல் நாடு விடுதலை பெற்றது.

குடியேறியோர் அடிமைகளின் உழைப்பைக்கொண்டு பருத்தி முதலியவற்றைப் பயிரிட்டனர். 1835-இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின், குறைந்த ஆட்களைக்கொண்டு நடத்தக்கூடிய பயிர் வேண்டியிருந்தது. அதற்குத் தென்னை ஏற்றதாயிற்று. கொப்பரையும் தேங்காயெண்ணெயும் கப்பலேறின. தீவுக்குத் தீவு காடு அழிந்து தோப்பு எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கூஸனின் சமநிலமும் தென்னந்தோப்பாயிற்று.

இங்கேதான் நம் கதைக்குரிய குருவி வருகிறது. சேஷெல்ஸ் கதிர்க்குருவி என்பது அதன் பெயர். மங்கிய பழுப்பு நிறம்; கண்ணைக் கவரும் அழகு இல்லை; குரல் மட்டும் இனியது. உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. அகன்ற இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்று உயிர் வாழ்வது. தென்னங்கீற்றில் அதற்கு வேண்டிய உணவு போதிய அளவு கிடைப்பதில்லை. தேங்காய் பொறுக்குவதற்கு வசதியாகக் கீழ்வளரும் செடிகொடிகளையும் தோப்புக்காரர் வெட்டிவிடுவர். மற்றத் தீவுகளில் காடும் குறைந்தது. கப்பலோடு வந்த எலியும் பூனையும் பெருகின. குருவியினம் அங்கெல்லாம் அற்றுப்போயிற்று. எலியும் பூனையும் கால்வையாத கூஸனில் மட்டுமே அது எஞ்சியது. 1968-இல் எஞ்சியிருந்த பறவைகள் முப்பதுக்கும் குறைவு.

பல்லாண்டுகள் காலைதோறும் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் அழைத்தவன் நான். முப்பது பெயர் என்பது ஒரு சிறிய வகுப்பு. ஓர் உயிரினம் முழுவதும் அச்சிறு வகுப்புக்குள் அடங்கிவிட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 1968-ஆம் ஆண்டிலேயே, பறவைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு மன்றம் தீவை விலைக்கு வாங்கியது. 1975-இல் அது சட்டப்படி தனிக் காப்பகமாயிற்று. வாங்கியவர்கள் செய்த வேலை எளியது; ஆயினும் இடைவிடாதது. முளைத்த தென்னங்கன்றுகளை அகற்றினர்; தோப்பு மீண்டும் தழைக்காதபடி பார்த்துக்கொண்டனர். தீவுக்கே உரிய மரங்கள் தாமாகவே தலையெடுத்தன. அவற்றுள் முதன்மையானது பிசோனியா. நம் வீட்டுத் தோட்டங்களில் வெளிர்பச்சை இலைகளோடு நிற்கும் லச்சைக்கொட்டைக் கீரை மரம் அதன் உறவே. நம் நுணாவுக்கு இனமான மரமும் உடன் வளர்ந்தது. அகன்ற இலைகள் வந்தன, இலைக்கடியில் பூச்சிகள் வந்தன, குருவிகள் பெருகின. 1980-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை முந்நூறைத் தொட்டது.

“மனிதனுக்கு இத்தனை பயன் தரும் மரத்தைக் குருவிக்காக அழிக்கலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தென்னையால் அந்நாட்டில் பல குடும்பங்கள் பிழைத்தன என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால், தென்னை வளர எத்தனையோ கரைகள் உள்ளன. இந்தக் குருவிக்கு இருந்தது எழுபது ஏக்கர் மட்டுமே. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தபோது என் மனத்தடை நீங்கியது.

முந்நூறை எட்டியபின் தீவு நிரம்பிவிட்டது. புதிய குடும்பங்களுக்கு இடமில்லை. இளம்பறவைகள் பல, குறிப்பாகப் பெண்பறவைகள், பெற்றோருடனே தங்கித் தம்பி தங்கையருக்கு இரை ஊட்டி வளர்த்ததை ஆய்வாளர் கண்டனர். ஓர் இனம் முழுவதும் ஒரே தீவில் இருப்பதில் பேரிடரும் உண்டு. ஒரு நோயோ, படகில் வந்திறங்கும் எலிகளோ போதும்; எல்லாம் முடிந்துவிடும். ஆகவே 1988-இல் 29 பறவைகளைப் பிடித்து அரீத் என்னும் தீவிலும், 1990-இல் இன்னும் 29 பறவைகளைக் கூஸின் என்னும் அண்டைத் தீவிலும் விட்டனர். பின்னர் 2004-இல் டெனிஸ், 2011-இல் ஃபிரகேட் தீவுகளிலும் குடியேற்றினர். அரீத் தீவில் இடம் தாராளமாக இருந்தமையால், இளம்பறவைகள் விரைவிலேயே தனிக்குடும்பம் அமைத்துப் பெருகின. இன்று கதிர்க்குருவிகள் ஐந்து தீவுகளில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன.

குருவிக்காகக் காத்த காடு பிற உயிர்களுக்கும் புகலிடமாயிற்று. பிசோனியாக் கிளைகளில் கடற்பறவைகள் ஆயிரமாயிரமாய்க் கூடு கட்டுகின்றன. வெள்ளை ஆலா கூடே கட்டாமல், வெறுங்கிளையில் ஒற்றை முட்டையை இட்டு அடைகாக்கிறது. அதே பிசோனியாவின் பிசின் ஒட்டும் விதைகள் இறகெங்கும் பற்றிக்கொள்ள, பறக்கவியலாமல் மடியும் பறவைகளும் உண்டு. இயற்கையின் கணக்கில் இதுவும் சேர்ந்ததே. மணற்கரையில் அழுங்காமைகள் பட்டப்பகலில் ஏறி முட்டையிடுகின்றன. ஓட்டுக்காக ஒருகாலத்தில் வேட்டையாடப்பட்ட இவை, காவல் வந்தபின் பன்மடங்கு பெருகியுள்ளன.

காவல் இன்றும் தளரவில்லை. பார்வையாளர் தாம் வந்த படகிலேயே கூஸனில் இறங்க இயலாது. காப்பகத்தின் படகுக்கு மாறித்தான் கரையேற வேண்டும். எலி ஒன்றும் உடன் வந்துவிடக் கூடாது என்பதே காரணம். குருவிகளிலும் பெரும்பாலானவற்றின் காலில் வண்ண வளையங்கள் உண்டு. எது எங்கே வாழ்கிறது, எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்துக் குறிக்கிறார்கள். எனக்குப் பழக்கமான வேலைதான் அது.

அதே சேஷெல்ஸில் பச்சைக்கிளி இனம் ஒன்றும் முன்பு வாழ்ந்தது. பயிரைத் தின்கிறதென்று சுட்டார்கள். அதன் காட்டையும் வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அது கண்ணில் படாமற் போயிற்று. அந்தக் கிளிகள் முப்பதாய்க் குறைந்த நாளில், அவற்றை எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை. கதிர்க்குருவி முப்பதாய்க் குறைந்தபோது எண்ணுவதற்குச் சிலர் இருந்தனர்.

என் கொல்லைத் தென்னைகள் இப்போதும் காய்க்கின்றன. அவை அங்கேயே நிற்கட்டும். ஆனால், அவற்றினடியில் முளைக்கும் செடி எதையும் பெயர் அறியாமல் நான் இப்போது பிடுங்குவதில்லை.