ஒரு கதிர் நின்றால் போதும்: வெப் சர்வர் பாதுகாப்புத் திருத்தங்களின் வரலாறும் கொங்கு ஆலைகளின் பணிமரபும்

ஆய்வுச் சுருக்கம்

வெப் சர்வரில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை தெரியவரும்போது, சேவையை அதிகம் நிறுத்தாமல் அதை அடைக்கும் முறைகள் 1995 முதல் எப்படி வளர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓட்டையை அடைக்கும் திருத்த நிரலான பேட்ச் வெளிவந்த பின்பும் அதை ஏற்றாமல் விட்டதே பல பெருந்தாக்குதல்களுக்கு வழிவிட்டது. கோவை நூற்பாலைகளில் இழை ஒட்டும் பணிமுறை இதற்குத் தக்க முன்மாதிரி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஆலைத்தளம் காட்டும் வழி

ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று 1888இல் கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் மளமளவெனப் பெருகின. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் இயந்திரம் நின்றால் நட்டம். நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழல்கின்றன. தொழிலாளி ஃபிரேமைச் சுற்றி நடந்தபடியே அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிறார். முழங்காலால் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்துகிறார். பாபினில் நூல் முனையைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, உருளையிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு ஒட்டுகிறார். அவர் வந்து சேரும்வரை, அறுந்த இழை பக்கத்துக் கதிர்களில் சிக்காதபடி உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்கிறது. பார்த்தல், ஒதுக்குதல், ஒட்டுதல் என்ற இம்மூன்றும் நடக்கையில் மற்ற கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை என்று செய்தித்தாளில் வரும் அறிவிப்பு இன்னொரு வழி. முன்கூட்டிச் சொல்லி, முழுவதையும் நிறுத்திப் பழுது பார்ப்பது அது. தொடக்கக் கால வெப் சர்வர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியிலேயே பராமரிக்கப்பட்டன.

2. பேட்ச் வந்தும் ஏறாத காலம்

1995 ஏப்ரலில் வெளிவந்த அப்பாச்சி சர்வரே, என்சிஎஸ்ஏ சர்வர் நிரலுக்குப் பலர் எழுதிய பேட்ச்களைத் தொகுத்து உருவானது. ஆனால் பேட்ச் எழுதப்பட்டவுடன் அது எல்லாச் சர்வரிலும் ஏறிவிடுவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வரின் ஓட்டைக்கு 2001 ஜூன் 18 அன்றே பேட்ச் வந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று, ‘கோட் ரெட்’ புழு 14 மணி நேரத்துக்குள் 3,59,000க்கும் மேற்பட்ட கணினிகளைப் பற்றியது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் கிடைத்தும், அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் ஒரு சர்வர் திருத்தப்படாமல் கிடந்தது. மே மாதத்தில் அதன் வழியே நுழைந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர்.

தாமதத்துக்குக் காரணங்கள் இரண்டு. நிறுத்தினால் சேவை போய்விடும் என்ற அச்சம் ஒன்று. எந்தச் சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற கணக்கு இல்லாமை மற்றொன்று. ஈக்விஃபேக்ஸ் வீழ்ந்ததில் இந்த இரண்டாவதற்குப் பெரும்பங்கு உண்டு. சுற்றிவந்து பார்க்க ஆளில்லாத ஃபிரேம் அது.

3. ஓடும்போதே திருத்துதல்

முதல் காரணத்தை நுட்பங்கள் படிப்படியாகக் களைந்தன. அப்பாச்சியின் ‘கிரேஸ்ஃபுல்’ மறுதொடக்கத்தில், கையிலுள்ள கோரிக்கையை முடித்த பிறகே பழைய செயல்முறை விலகுகிறது. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ், இணைப்புகளை அறுக்காமல் தன் நிரலையே மாற்றிக்கொள்ள வழி தருகிறது. 2015 ஏப்ரலில் வந்த லினக்ஸ் 4.0, இயக்கமுறைமையின் மையமான கெர்னல் ஓடும்போதே அதில் பேட்ச் போடும் வசதியைச் சேர்த்துக்கொண்டது.

இவற்றைவிடப் பரவலாகப் பயன்படுவது சுமையைப் பகிரும் முறை. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் மூன்று சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்குப் புதிய கோரிக்கைகள் போகாமல் தடுத்து, இருப்பவை முடியும்வரை காத்திருந்து, பேட்ச் ஏற்றி, சோதித்து, லாக் பதிவுகளைப் பார்த்தபின் மீண்டும் சேர்க்கிறார்கள். பிறகே அடுத்தது. இடையில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே தரவுத்தளத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றை ஓடவிடும் முழங்கால் பிரேக்கின் தத்துவமே இம்முறை.

4. 2014, 2021: இரு பாடங்கள்

2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஓட்டை. கோப்பை மாற்றியது மட்டும் போதவில்லை. பழைய நூலகம் நினைவகத்திலேயே இருந்ததால் சேவைகளை மறுதொடக்கம் செய்து, ஓட்டை வழியே கசிந்திருக்கக்கூடிய இரகசியச் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

லாக் பதிவுகளை எழுதும் லாக்4ஜே நூலகத்தில் 2021 டிசம்பரில் வெளிப்பட்ட ஓட்டைக்குக் கடுமை மதிப்பெண் 10க்கு 10. ஒரு அமைப்பு மதிப்பை மாற்றினால் போதும் என்று முதலில் சொல்லப்பட்ட தற்காலிக வழி போதாதென்று சில நாட்களிலேயே தெரிந்தது. அதே மாதத்தில் 2.15.0 முதல் 2.17.1 வரை பதிப்புகள் அடுத்தடுத்து வந்தன. இன்னொரு தற்காலிக வழியான, ஃபயர்வாலில் வடிகட்டும் விதி உறிஞ்சுகுழாய் போன்றது. அது அவகாசம் தரும், இழையை ஒட்டாது.

5. தமிழ்நாட்டுச் சூழல்

2021 செப்டம்பரில், தமிழ்நாட்டின் ஸோகோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் மென்பொருளில் கடும் ஓட்டை வெளிப்பட்டது. நிறுவனம் 6114ஆம் பதிப்பில் அதைத் திருத்தியது. ஆனால் அம்மென்பொருள் ஓடுவது வாடிக்கையாளர்களின் சொந்தச் சர்வர்களில் என்பதால், பேட்ச் ஏற்றும் பொறுப்பு அவர்களுடையது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்க அமைப்புகள் கூட்டு எச்சரிக்கை விடுத்தன. தாக்கியவர்கள் ‘வெப்ஷெல்’ எனும் கள்ளவாசலை விட்டுச் சென்றிருக்கலாம் என்பதால், பேட்ச் போட்டபின்னும் தேடிப் பார்ப்பது கட்டாயமாயிற்று.

2004இல் தொடங்கிய இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 ஆணையில் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், 180 நாள் லாக் பதிவுகளைப் பேணவும் பணித்தது. சேவையை நிறுத்தாமல் திருத்துவதில் கொங்கு நாட்டுக்குக் கூடுதல் நெருக்கடி உண்டு. ஏற்றுமதி நகரான திருப்பூர் உறங்கும்போது அமெரிக்க வாடிக்கையாளரின் அலுவலகம் இயங்கிக்கொண்டிருக்கிறது. ‘நள்ளிரவில் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற பழைய வசதி ஏற்றுமதியாளரின் சர்வருக்கு இல்லை.

முடிவுரை

ஒரே சர்வரை வைத்திருக்கும் நிறுவனம், ஒரே கதிர் கொண்ட ஃபிரேமை வைத்திருக்கிறது. ஒட்டவேண்டுமானால் எல்லாம் நிற்கும். ஆகவே இரண்டாவது சர்வரை வீண்செலவாகக் கருதாமல், பழுது பார்க்கும் உரிமையை வாங்கும் செலவாகக் கருத வேண்டும். அதோடு, ஓடும் மென்பொருள்களின் பட்டியலை எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கைகளை அன்றாடம் படிக்க ஒருவரை அமர்த்த வேண்டும். ஆலையில் இழை அறுவதை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. அதைப் பார்க்காமல் கடந்து போவதையே தவறாகக் கொள்கிறார்கள். அந்த ஒழுங்கை நம் சர்வர் அறைகளும் கைக்கொள்ள வேண்டும்.