துவக்கும் நாயும்: 1848 மாத்தளைக் கிளர்ச்சி குறித்து ஒரு நோக்கு

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பாதையிலே கலேவெல அமைந்துள்ளது. காடும் குளமும் வயலும் சேனையும் கலந்த இப்பகுதியில், யானையும் பன்றியும் இரவிலே பயிரைத் தேடி வருவது வழமை. இத்தகைய சூழலில் தற்காப்புக்கு எந்தத் துவக்கு உகந்தது என்பது பொதுவாகத் தொழில்நுட்ப வினாவாகவே கொள்ளப்படுகின்றது. ஆனால், அதனைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு எந்த வர்க்கத்தினர்க்கு இருந்தது என்பதே வரலாறு எழுப்பும் வினாவாகும்.

கண்டி இராச்சியக் கொல்லர் துவக்குச் செய்வதில் தேர்ந்தவர். பொறி இடப்புறத்தில் அமைந்திருப்பது அவர்தம் துவக்கின் தனித்தன்மை. சேனைக் காவலில் விவசாயிக்குத் துணைநின்றவை அத்தகைய பழந்துவக்கும் நாயுமே. வேறு தெரிவு அவனுக்கு இருக்கவில்லை.

ஆங்கிலேயரின் நிலை வேறு. மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை நூலில் குழலின் பருமன், மருந்தின் அளவு ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தார். அந்நூலின் தலைப்பிலும் துவக்கும் வேட்டைநாயுமே இடம்பெறுகின்றன. ஒரு வர்க்கத்தின் பொழுதுபோக்குக் கருவிகள் மற்றொரு வர்க்கத்தின் வாழ்வாதாரக் கருவிகளாயிருந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிசமைத்தது. அடுத்து, தேசாதிபதி டொரிங்டன் 1848 யூலையில் துவக்குக்கும் நாய்க்கும் வரி விதித்தார். துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்சு. அதே ஆண்டின் வீதிச் சட்டம் ஆறு நாள் உழைப்பை மூன்று சிலிங்காக மதிப்பிட்டது. அரசின் இக்கணக்கின்படியே, துவக்கை வைத்திருப்பதற்கு விவசாயி ஐந்து நாள் உழைப்பைக் கொடுக்கவேண்டியிருந்தது.

1848 யூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சி விரைவில் நசுக்கப்பட்டது. ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இதனை முடியாட்சியை மீட்கும் முயற்சியாக மட்டும் கொள்வது பொருந்தாது. நிலத்தையும் அதைக் காக்கும் கருவியையும் ஒருங்கே இழக்கவிருந்த விவசாயிகளின் எதிர்ப்பு அதன் அடித்தளமாயிருந்தது.

இவ்வேளையில் மறக்கப்படுவோர் பிறிதொரு பகுதியினர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் துவக்கேதுமின்றியே அக்காட்டைக் கடந்தனர். பசியும் வாந்திபேதியும் அவர்களைப் பலிகொண்டன. இவற்றைத் தடுக்கவல்ல துவக்கு எதுவுமில்லை.

இன்று சுடுகலன்கள் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிமுறைக்கு உட்பட்டவை. எனினும் முரண்பாடு தீரவில்லை. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானையின் வழித்தடமும் விவசாயியின் நிலமும் யாருடைய நலனுக்காக வகுக்கப்படுகின்றன என்பதை ஆராயாது, துவக்கின் தரத்தை மட்டும் ஆராய்வதாற் பயனில்லை.