உலக்கை அதே, விசை வேறு

பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினைப் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் விலையைத்தான் கணக்கிடுகிறார்கள். கிளட்சும் கியர்பாக்ஸும் டீசல் எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி. விசையை மாற்றினால் அது வரும் வழியையும் கவனிக்க வேண்டும் என்பதைக் கோலார் தங்கவயலின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது. அங்கே தங்கப் பாறையை இடிக்க இரும்பு உலக்கைகள் வரிசையாக எழுந்து எழுந்து விழும். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் உழைத்தார்கள். உலக்கைகளை ஓட்டியது நீராவி. 1902இல், சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது. இடிக்கும் முறை அப்படியே இருக்க, சுழற்றும் விசை மோட்டாருக்கு மாறியது.

கொதிகலன் கண்ணெதிரே இருக்கிறது, மின்கம்பியோ எங்கோ அறுந்தாலும் வேலை நின்றுவிடும் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். ஆனாலும் அது நீராவிக்குத் திரும்பக் காரணமாகாது. விசை வரும் வழியைத்தான் பலப்படுத்த வேண்டும். மைசூர் அரசு அதையே செய்தது: 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் தங்கவயலுக்குத் தடையில்லா மின்சாரம் தருவதும் ஒன்று. அந்த மோட்டார்கள் நிற்காமல் ஓட, காவிரியையே தேக்க வேண்டியிருந்தது.