ஈடு தீரும் வீடும் துண்டு தீராத மனிதரும்

கடன்பட்ட வீடொன்றை விற்பது எப்படி என்ற வினா, பார்த்த மாத்திரத்தில் நொத்தாரிசுமாரின் மேசைக்குரியதாகவே தோன்றும். இலக்கிய ஏடொன்றிலே இதற்கு என்ன வேலை என்று வாசகர் புருவம் நெரிக்கவுங் கூடும். ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் கடந்த நூற்றெண்பது ஆண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு, இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் இருந்து வந்தமை புலனாகும். ஒன்று உறுதி உடையவனுக்குரியது. அது சட்ட ஏடுகளிலே தெளிவுற எழுதப்பட்டிருக்கிறது. மற்றையது உறுதி இல்லாதவனுக்குரியது. அது ஒரு துண்டுக் காகிதத்திலே எழுதப்பட்டது.

முன்னதை முதலிற் காண்போம். ஈடு வைக்கப்பட்ட வீட்டை வாங்க ஒருவர் முன்வருகிறார் என்க. அவருடைய நொத்தாரிசு காணிப் பதிவகத்திலே ஏடு தேடுவார். அக்காணிக்குரிய பக்கத்தில் விற்பனை, நன்கொடை, ஈடு என்பன யாவும் பதிவான வரிசையிலே கிடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஈடுகள் இருப்பின், யார் முந்தி, யார் பிந்தி என்பதையும் அந்த வரிசையே தீர்மானிக்கும். அடுத்து, இன்ன தேதியில் முதலும் வட்டியுமாக இவ்வளவு செலுத்தினால் கடன் தீரும் என்று கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் கணக்குப் பெறப்படும். வீட்டின் விலை 50 இலட்சம், கடன் மிச்சம் 18 இலட்சம் என்றால், 18 இலட்சத்துக்குரிய காசோலை கடன் கொடுத்தவருக்கும் 32 இலட்சத்துக்குரியது விற்பவருக்கும் போகும். கடன் கொடுத்தவர் ஈட்டை நீக்கி எழுதும் உறுதியிலே கையொப்பமிடுவார்; அதுவும் அதே பக்கத்திற் பதியப்படும். வாங்குபவரும் வங்கியிற் கடன்பட்டே வாங்குகிறார் எனின், பழைய ஈட்டு நீக்கம், விலையுறுதி, புதிய ஈடு என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் ஒரே நாளிலேயே நிறைவேறும்.

இவ்வொழுங்கைத் தவறவிட்டால் நேர்வது யாது? வீடு கைமாறினும் ஈடு வீட்டைவிட்டு அகலாது. பதியப்பட்ட ஈடு நிலத்தைப் பின்தொடரும் என்பது எமது நாட்டில் நிலைபெற்ற உரோம டச்சுச் சட்டத்தின் கொள்கை. ஆதலால் கடன் கொடுத்தவர், புதிதாக வாங்கியவரையும் வழக்கில் இழுத்து, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டம் அத்தகைய வழக்கின் நடைமுறையை வகுத்துரைக்கின்றது. விலை கடனுக்குப் போதாவிடின் எஞ்சிய கடன் பட்டவன் தலைமீதே நிற்கும். 1983 ஜூலையில் மாத்தளை நகரிலே தமிழரின் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டபோது கட்டிடங்கள் எரிந்தன. அவற்றின்மீதிருந்த ஈடுகள் எரியவில்லை. அவை நிலத்தில் அன்றோ நின்றன!

கடுமையான சட்டந்தான். ஆயினும் அதன் நடுவிலே ஒரு நீதி உண்டு. கடன் தீர்ந்த கணமே ஈடும் செத்துவிடுகிறது. விலையில் எஞ்சியது சொந்தக்காரனுக்கே மீள்கிறது. இவ்விரண்டையும் வாசகர் மனத்திலிருத்திக் கொள்ளவேண்டும். பின்னர் இவற்றையே அளவுகோலாகக் கொள்ளப் போகிறோம்.

இந்த எழுத்து ஆட்சி மலைநாட்டுக்கு வந்தது எப்போது? 1840இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. 7ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் கையொப்பமிட்டு எழுதப்படாத காணி விற்பனையும் ஈடும் செல்லாது என்றது. 12ஆம் இலக்கச் சட்டமோ, உரிமை நிறுவப்படாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்தது. முதலாவது மோசடியைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்டது; இரண்டாவது அத்துமீறலைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கண்டிநாட்டு விவசாயியிடம் எழுத்து ஏது? எழுத்து இல்லாதவனின் நிலம் முடிக்குச் சென்றது. முடியிடமிருந்து ஏக்கர் ஐந்து சிலிங் என்ற மலிந்த விலைக்குக் கோப்பித் துரைமார் கைக்குச் சென்றது. அக்கணமே உறுதி பெற்று, ஈடு வைக்கத் தகுந்த சொத்தாகவும் மாறியது. 1848 ஜூலை இறுதியில் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கிய கிளர்ச்சிக்காரர் அங்கிருந்த வரிப் பதிவுகளை அழித்தனர். அதனை வெறும் ஆத்திரம் என்று எழுதிவைத்தவர் உளர். எனக்கோ, காகிதத்தின் வலிமையை அவ்விவசாயிகள் நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தனர் என்றே படுகிறது.

கோப்பித் தோட்டங்கள் கடனிலே எழுந்தவை. 1847இல் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி மூண்டு கோப்பி விலை சரிந்தபோது, அவற்றிற் பல அற்ப விலைக்குக் கைமாறின. 1869இல் காணப்பட்ட இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களிற் கோப்பியையே அழித்தது; 1884 மேயில் ஓரியன்டல் வங்கி முறிந்தது. பின்னர் மாத்தளையிலே கொக்கோ, தேயிலை, றப்பர் என்பன வந்தன. வங்கிகளின் வாயில் உள்ளூர்ச் சிறு வணிகனுக்கும் சிறு காணிக்காரனுக்கும் திறக்கவில்லை. கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரே அவர்களுக்கு வங்கி. 1930களின் பொருளாதார மந்தத்திலே கடன் திரும்பாது போகவே, விரும்பியோ விரும்பாமலோ செட்டிமார் பலர் காணிக்காரர் ஆயினர். 1931இல் அரச ஈட்டு வங்கிக்குச் சட்டம் இயற்றப்பட்டமையும், 1934இல் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தமையும், 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டமையும் இந்தப் பின்னணியிலேயே என்க.

ஈட்டிலும் கொடியதொரு உத்தியை இங்கே சொல்லாமற் போவதற்கில்லை. கடன் கொடுப்பவன் ஈடு எழுதாது விலையுறுதியே எழுதிக்கொள்வான். குறித்த தவணைக்குள் பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவதாக ஒரு நிபந்தனை மாத்திரம் சேர்ப்பான். தவணை ஒருநாள் தப்பினாலும் வீடு போயிற்று. ஏலமில்லை, எஞ்சிய விலையுமில்லை. நூறு ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் ரூபாய் வீடு. 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கச் சட்டமும் பின்வந்த அதன் திருத்தங்களும் இத்தகைய கடனாளிக்கு இணக்க சபையின் வாயிலைத் திறந்தன. இன்றும் இம்முறை ஒழிந்தபாடில்லை.

இதுவரை பேசியது வீடுடையோர் கதை. வீடில்லாதவர் எதனை ஈடு வைப்பர்?

மன்னாரிற் கரையேறிய தென்னிந்தியத் தொழிலாளர், காட்டு வழியே தம்புள்ளை கடந்து மலைநாட்டின் வாயிலான மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலே வீழ்ந்தவர் ஏராளம். வந்து சேர்ந்தவரோ கடனாளியாகவே சேர்ந்தார். ஊரிலே பட்ட கடனைத் தீர்க்கக் கொடுத்தது, வழிச் செலவு, சோறு, கம்பளி, சட்டி பானை எல்லாம் கங்காணியின் கணக்கில் அவர் பேரில் ஏறியிருந்தன. கங்காணிக்கு அப்பணம் தோட்டத்திலிருந்து முற்பணமாக வந்தது. ஆகவே தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கழுத்திற் கட்டிக்கொண்டே தொழிலாளர் வந்தனர். பயணச் செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட்டது.

கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டம் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பான். இக்கங்காணியும் இவன்கீழ் உள்ள இத்தனை பேரும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டுள்ளனர், அதனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடச் சம்மதம் என்பதே அத்துண்டின் பொருள். அதனைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டந் தோட்டமாக விலை பேசுவான். ஆள் தேவைப்பட்ட புதிய தோட்டம் பழைய தோட்டத்துக்குக் காசோலை அனுப்பும். கங்காணிக்கு மேற்கொண்டும் ஒரு தொகை கொடுக்கும். ஆட்கள் மூட்டை முடிச்சோடு இடம் மாறுவர்.

வாசகர் இப்போது முன்சொன்ன வீட்டு விற்பனையை நினைவுகூரட்டும். கடன் மிச்சத்தை எழுத்திற் பெறுதல், வாங்குபவர் பழைய கடன்காரருக்கு நேரே செலுத்துதல், அதன்மேல் கைமாறுதல் என்று அதே படிகளே இங்கும் உள. ஆனால் மேலே குறித்த இரண்டு நீதிகளும் இங்கே இல்லை. வீட்டுக்காரனின் கடன் அவன் கையொப்பமிட்டது. தொழிலாளியின் கடன் அவன் வாசித்தறியாத ஏட்டிலே பிறர் எழுதியது. வீட்டு ஈடு செலுத்தப்பட்டதும் சாகும். துண்டுக் கடனோ செலுத்தப்பட்டதும் புதிய கடன்காரன் பெயரிலே மறுபிறவி எடுக்கும், அதுவும் முன்னிலும் பருத்து. கங்காணி வாங்கிய மேலதிகத் தொகையும் ஆட்களின் தலையிலேயே ஏறியது. வீட்டு விலையில் எஞ்சியது சொந்தக்காரனுக்கு. மனித விலையில் எஞ்சியது கங்காணிக்கு. ஆட்கள் பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கிடைத்த தலைக்காசு வேறு. துண்டு இன்றி ஓடிப்போகலாமே என்றால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தல் இன்றி வேலையைவிட்டு நீங்கியவரைச் சிறைக்கு அனுப்பியது.

தோட்டமே விற்கப்பட்டால் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின்மீதான முதற் பற்றாக்கியது. தோட்டத்தை ஈடாகக் கொண்டவர்க்கும் முந்தியது கூலி என்பதே இதன் கருத்து. காலனித்துவச் சட்டங்களிலே மெச்சத்தக்கன சில. இது அவற்றுள் ஒன்று. ஆனால் அதே தோட்டத்தின் கணக்கேட்டைப் புரட்டினால் மறுபக்கத்திலே ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்ற தலைப்பில், அதே தொழிலாளர் தரவேண்டிய கடன் தோட்டத்தின் சொத்தாக எழுதப்பட்டிருக்கும். ஏக்கரும் மரமும் தொழிற்சாலையும்போல அதுவும் கைமாறும் பொருளே. கூலியைக் கேட்கும்போது அவர்கள் கடன் கொடுத்தோர். கணக்கெழுதும்போது அவர்கள் சொத்து.

1917இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் மதராஸ் அரசாங்கத்துக்காக இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து ஆராய்ந்தனர். இந்தக் கடன் முறையின் தீமை அவர்களுடைய அறிக்கையால் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியாவிலே எழுந்த கண்டனமும் சேர்ந்துகொள்ள, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், ஆள் திரட்டும் செலவைத் தோட்டங்கள் கூட்டாகச் செலுத்தும் நிதி ஏற்பட்டது. அச்செலவு தொழிலாளியின் கடனாகாது என்றாயிற்று. என் மாணவரிடம் புரன் அப்புவைப் பற்றிக் கேட்டால் உடனே விடை வருகிறது. துண்டு என்றால் தோளிற் போடும் துணியையே சொல்கின்றனர். அவர்களுள் அரைப்பங்கினர் தோட்டத்துப் பிள்ளைகள்.

துண்டு போயிற்று, உறுதி வந்ததா? 1948இல் குடியுரிமை பறிபோனவர்க்குக் காணி உரிமை எட்டாக் கனியாயிற்று. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியது. மாத்தளையிலும் கண்டியிலும் அக்காலத்துப் பட்டினியும் வெளியேற்றமும் தொழிலாளர் பங்காயின. 1992இல் அரச தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டங்கள் வந்தன. சிலர் உறுதியும் பெற்றுள்ளனர். ஏனையோர் லயத்திலோ, தம் உழைப்பிலே திருத்திக் கட்டிய உறுதியற்ற வீட்டிலோ வாழ்கின்றனர். சீமெந்தும் தகரமும் தம்முடையவை, நிலம் தம்முடையதன்று. இத்தகைய வீட்டை ஈடு வைத்து மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப இயலாது. விற்றுக் கடனைத் தீர்த்து எஞ்சிய பணத்தோடு நகரத்துக்குக் குடிபெயரவும் இயலாது. காதிலும் கழுத்திலும் கிடப்பதே அடகுக் கடைக்குப் போகிறது.

உறுதி எழுதவேண்டுமாயின் முதலில் நிலம் அளக்கப்படவேண்டும், எல்லைக்கல் நடப்படவேண்டும், பதிவகத்திலே அந்த வீட்டுக்கென்று தனிப் பக்கம் திறக்கப்படவேண்டும். ஒரு சில தோட்டங்களிலே அவ்வேலை நடந்திருக்கிறது. பெரும்பாலான லயங்களின் வாசலுக்கு நில அளவையாளர் இன்னும் வந்து சேரவில்லை.